சைக்கிள் கேப்: தலைக்குத் தேங்காய் எண்ணெய்... செயினுக்கு?

போன நவம்பர். செமஸ்டர் முதல் பேப்பர். ஒரு வாரமா சென்னையில விடாத மழை. ‘போன வாரம்தானே எண்ணெய் விட்டோம்’ங்கிற தெம்புல சைக்கிளை எடுத்தேன். மேம்பாலம் ஏறும்போது ‘கடக்’! செயின் கழன்று, கையெல்லாம் கறுப்பு, ஹால் டிக்கெட்ல என் கைரேகை. 20 நிமிஷம் லேட்.

சாயங்காலம் சைக்கிள் கடை அண்ணன் செயினைத் தொட்டுப் பார்த்தார்.

“என்ன எண்ணெய் விட்டே தம்பி?”

“தையல் மெஷின் எண்ணெய்ணே.”

“அது மழைக்கு நிக்குமா? துரு ஏறி லிங்க் இறுகிடுச்சு பாரு.”

விஷயம் இதுதான் பாஸ். செயினுக்கு எண்ணெய் வேணும்கிற இடம் வெளியில இல்ல. பின்னுக்கும் ரோலருக்கும் நடுவுல. வெளியில வழியிற எண்ணெய், புழுதியை ஒட்ட வச்சு உப்புத்தாள் மாதிரி பல்சக்கரத்தைத் தேய்க்கும். அதனால ‘நிறைய’ முக்கியமில்ல, ‘எது’ங்கிறதுதான் முக்கியம்.

வெயில், புழுதி ரோடு: ‘ட்ரை லூப்’. காய்ஞ்சதும் மெழுகு மாதிரி படலம் நிற்கும், தூசி அதிகம் ஒட்டாது. முந்தின ராத்திரியே விட்டுக் காயவிடணும். மழை வந்தா சீக்கிரம் போயிடும்.

மழைக்காலம்: ‘வெட் லூப்’. பிசுபிசுப்பு அதிகம், தண்ணிக்கு அசையாது. கிடைக்கலையா, என்ஜின் ஆயில் சொட்டுச் சொட்டா விட்டு நல்லாத் துடைங்க. வெயில் வந்ததும் மாத்திடணும். இல்லன்னா புழுதி அப்பிக்கும்.

கடற்கரைப் பக்கம்: உப்புக்காத்து துருவுக்குத் தோஸ்த். நல்ல தண்ணியில கழுவி, ஈரம் போகத் துடைச்சு, அப்புறம்தான் எண்ணெய்.

தேங்காய் எண்ணெய்: வேண்டவே வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைஞ்சிடும். ஊட்டி, கொடைக்கானல் காலையில யோசிச்சுப் பாருங்க. நாளானா பிசினாவும் ஆகும்.

டபிள்யூடி-40: பேர்லயே இருக்கே, ‘வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட்’! தண்ணியை விரட்ட, துருவை இளக்க ஓகே. அதுக்கு மேல செயின் எண்ணெய் தனியா விடணும்.

விடறது எப்படி? பழைய டூத் பிரஷ், சோப்புத் தண்ணியால அழுக்கை எடுத்து, நல்லாக் காயவிடுங்க. பெடலைப் பின்னால சுத்திக்கிட்டே ரோலருக்கு ஒரு சொட்டு. கொஞ்ச நேரம் விட்டு, துணியால வெளிப்பக்கம் துடைங்க. ரிம்லயோ டிஸ்க்லயோ ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. பட்டா பிரேக் காலி!

ஸ்கேலையும் வச்சுப் பாருங்க. பின்னுக்குப் பின் அரை அங்குலம். 24 இடைவெளி சேர்ந்தா சரியா 12 அங்குலம். அது 1/16 அங்குலம் கூடிட்டா செயின் மாத்தணும். 1/8 வரை விட்டா பல்சக்கரத்துக்கும் சேர்த்து அழணும்.

அந்தப் பேப்பரா? ரெண்டே மார்க்ல தப்பிச்சேன். உங்க சைக்கிளுக்கு இன்னிக்கே ஒரு சொட்டு!