வாடகை கம்மிதான்... ஆனா செலவு?

பிளேஸ்மென்ட் சீசன் முடிந்ததும் ஃபைனல் இயர் பசங்க நடுவில் ஒரு புது பேச்சு ஆரம்பித்திருக்கிறது. "எந்த கம்பெனி?" என்ற கேள்வி போய் "எங்கடா ரூம் எடுக்கப் போற?" என்ற கேள்வி வந்துவிட்டது. போன வாரம் கேன்டீனில் ஒருத்தன் மொபைலை நீட்டினான். "மச்சி, கூடுவாஞ்சேரி தாண்டி 7,000 ரூபாய்க்கு டபுள் பெட்ரூம். வேளச்சேரியில இந்தக் காசுக்கு பைக் நிறுத்தத்தான் இடம் தருவான்!" சுற்றி இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் டீயை ஊதிக்கொண்டு சும்மா இருந்தேன். ஏனென்றால் அந்த 7,000 ரூபாய் வீட்டில் நான் ஆறு வருடமாகக் குடியிருக்கிறேன்.

அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். புறநகரில் வாடகை குறைவு என்பது உண்மை. புறநகரில் வாழ்வது மலிவு என்பது பல பேருக்கு உண்மை இல்லை.

நான் பத்தாவது படிக்கும்போது சைதாப்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரிக்கு வந்தோம். முடிவு எடுத்த ராத்திரி அப்பா தினசரி கேலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் கணக்குப் போட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பழைய வாடகை 12,500. புது வாடகை 7,000. மாதம் 5,500 மிச்சம். வருடத்துக்கு 66,000. அந்த எண்ணைச் சுற்றி வட்டம் வேறு போட்டார். கணக்கில் தப்பே இல்லை. ஆனால் அந்தத் தாளில் இருந்தது ஒரே ஒரு வரிதான்.

விட்டுப்போன வரிகளை இப்போது நான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. சைதாப்பேட்டையிலிருந்து மறைமலையடிகள் பாலத்தைத் தாண்டி சைக்கிளிலேயே போய்விடுவார். செலவு பூஜ்யம். கூடுவாஞ்சேரி வந்ததும் வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் மூன்று கிலோமீட்டர். பைக் வாங்கினோம். பெட்ரோல் மாதம் 500, ஸ்டேஷன் ஸ்டாண்டுக்கு 300. சீசன் டிக்கெட்டுக்கு 300 என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்பா விடியற்காலையில் கிளம்பிவிடுவதால் எனக்கு ஸ்டேஷன் வரை ஷேர் ஆட்டோ, போக 20, வர 20. 24 நாளுக்கு 960. ஆக மொத்தம் 2,060. பைக் இஎம்ஐ 2,200. இதுவரை 4,260. வட்டம் போட்ட 5,500-ல் மிச்சம் 1,240.

சரி, 1,240-ம் பணம்தானே? ஆமாம். ஆனால் முக்கியமான வரி இன்னும் வரவில்லை.

அம்மா சைதாப்பேட்டையில் ஒரு டெய்லரிங் யூனிட்டில் வேலை பார்த்தார். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. மாதம் 8,000. இடம் மாறிய பிறகும் மூன்று மாதம் அதே வேலைக்குப் போய்ப் பார்த்தார். காலையில் எங்களுக்குச் சமைத்து வைத்து, ட்ரெயின் பிடித்து, சாயங்காலம் யூனிட் விட்டு ஸ்டேஷன் வந்து, தாம்பரத்தோடு நின்றுபோகும் வண்டிகளை விட்டுவிட்டு செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருந்து, வீடு வந்து சேர ராத்திரி ஒன்பது. நாலாவது மாதம் நின்றுவிட்டார். இப்போது வீட்டில் வைத்து ப்ளவுஸ் தைக்கிறார். 3,000 வந்தால் பெரிய விஷயம். அதாவது மாதம் 5,000 நட்டம்.

1,240-லிருந்து 5,000-ஐக் கழித்துப் பாருங்கள். 3,760 ரூபாய் மைனஸ். இஎம்ஐ மூன்று வருடத்தில் முடிந்தது. அதற்கப்புறமும் 1,560 மைனஸ். மிச்சம் பிடிக்கப் போன இடத்தில் கைக்காசு போட்டு வாழ்ந்திருக்கிறோம். அது எங்களுக்கே தெரியாது. ஏனென்றால் "வாடகை" என்பது ஒன்றாம் தேதி மொத்தமாகப் போகும் பணம், கண்ணுக்குத் தெரியும். இருபது இருபதாகப் போவதும், வராமல் நின்றுபோன சம்பளமும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதில் நேரத்தை நான் சேர்க்கவே இல்லை. அப்பாவுக்கு முன்பு வீட்டிலிருந்து வேலைக்கு 20 நிமிடம். இப்போது 1 மணி 20 நிமிடம். ஒரு நாளைக்குக் கூடுதலாக 2 மணி நேரம். 25 வேலை நாளுக்கு 50 மணி நேரம். எட்டு மணி நேர வேலை என்று வைத்தால் ஆறு நாளுக்கும் மேல். 25 நாள் சம்பளத்துக்கு 31 நாள் வேலை பார்ப்பது மாதிரி! "அந்த நேரத்துக்கு யாரும் காசு தரப் போறதில்லையே, அப்புறம் என்ன நட்டம்?" என்று கேட்கலாம். யாரும் தர மாட்டார்கள்தான். ஆனால் அந்த ஐம்பது மணி நேரத்தில்தான் ஓவர்டைம் இருந்தது, தூக்கம் இருந்தது, என்னோடு உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுத்த அப்பா இருந்தார்.

இப்போது எதிர்த்தரப்பையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். புறநகருக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஏமாளிகள் இல்லை.

முதல் விஷயம், அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. 2017-ம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைதான் வரம்பு என்று சொல்கிறது; ஆனால் இரு தரப்பும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ள வழி விட்டிருப்பதால், நடைமுறையில் ஓனர் சொல்வதுதான் சட்டம். 12,500-க்குப் பத்து மாதம் என்றால் 1,25,000. 7,000-க்கு 70,000. இடம் மாறியபோது கையில் வந்த 55,000 ரூபாயில்தான் அக்காவின் காலேஜ் ஃபீஸ் கட்டினோம். கடன் வாங்காமல் தப்பித்தோம். இதை மறந்துவிட்டுப் பேசினால் அது நேர்மை இல்லை.

இரண்டாவது, இடம். சைதாப்பேட்டையில் ஒரே அறையில் ஐந்து பேர். இங்கே பாட்டிக்கு என்று ஒரு அறை கிடைத்தது. அதற்கு விலை போட எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, நகரத்திலும் வாடகை நின்ற இடத்தில் நிற்கவில்லை. அந்த 12,500 வீடு இன்று 12,500-க்குக் கிடைக்காது.

அப்படியானால் பதில் என்ன? "புறநகர் மலிவா?" என்ற கேள்வியே அரைகுறையானது என்பதுதான் என் கருத்து. எதற்குப் புறநகர்? சென்னைக்கு ஒரே ஒரு நடு இல்லை. பரனூர் பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் வேலை கிடைத்தவனுக்கு கூடுவாஞ்சேரி புறநகரே இல்லை. ஐந்தாவது ஸ்டேஷனில் இறங்கிவிடலாம். காலையில் கூட்டம் எல்லாம் பீச் பக்கம் போகும்போது அவன் எதிர்ப்பக்கம் உட்கார்ந்துகொண்டு போவான். அவனுக்கு 7,000 வாடகை நிஜமாகவே 7,000தான். அதே வீட்டிலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்குப் போகிறவனுக்கு வரைபடத்தில் தூரம் குறைவாகத் தெரியும். ஆனால் நேர் ரயில் கிடையாது. வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் பஸ்ஸோ பைக்கோதான் கதி. ஓஎம்ஆரில் மெட்ரோ வேலை நடந்துகொண்டிருக்கிறது. அது ஓட ஆரம்பிக்கும்போது கணக்கு மாறும். ஆனால் இன்று கட்டப்போகும் வாடகைக்கு, நாளை வரப்போகும் மெட்ரோவைக் காட்டி விலை சொல்கிறவர்களிடம் ஜாக்கிரதை.

கிலோமீட்டரைவிட முக்கியம், ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் கடைசி மூன்று கிலோமீட்டர். எங்கள் குடும்பத்தின் கணக்கைக் கவிழ்த்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ரயில் கட்டணம் உண்மையிலேயே மலிவு; 2,060-ல் அது வெறும் 300. மிச்சம் எல்லாம் ஸ்டேஷனை அடைவதற்கான செலவு. "ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்" என்று விளம்பரம் போடுகிறார்கள். எந்த வண்டியில், எத்தனை மணிக்கு என்று மட்டும் போடுவதில்லை!

இந்தச் செலவு எல்லோருக்கும் ஒரே மாதிரி விழுவதும் இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம். பல வீடுகளின் பட்ஜெட்டை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது டிக்கெட் காசைத்தான் மிச்சப்படுத்தும்; ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஸ்டேஷனிலிருந்து உள்ளே வரும் தெருவிளக்கு இல்லாத சாலையை மிச்சப்படுத்தாது. அக்காவுக்கு வேலை முடிந்து லேட் ஆகும் நாட்களில் ஒன்று ஆட்டோ, இல்லையென்றால் அப்பா பைக்கோடு ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டும். நான் லேட்டாக வந்தால் நடந்து வந்துவிடுவேன். ஒரே வீடு, ஒரே வாடகை; ஆனால் அக்காவின் புறநகர் என்னுடையதைவிட காஸ்ட்லி. முதலில் வேலையை விட்டதும் அம்மாதான், அப்பா இல்லை என்பதையும் கவனியுங்கள்.

இன்னொரு விஷயம். நாங்களாவது யோசித்து, தப்பாகவாவது கணக்குப் போட்டு வந்தோம். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மக்களுக்கு அந்தக் கேலண்டர் தாளைக்கூட யாரும் தரவில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சைதாப்பேட்டை அடையாற்றங்கரையிலிருந்த பல குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. என்னோடு படித்தவர்கள் சிலர் அதில் உண்டு. ஆற்றங்கரையில் ஆபத்து இருந்தது உண்மை. ஆனால் வீடு கொடுத்துவிட்டோம், கடமை முடிந்தது என்று நினைப்பதும் அப்பா போட்ட அதே ஒற்றை வரிக் கணக்குதான். வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் நடந்து போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு, வேலை இருக்கும் தெருவிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீடு, வாடகையே இல்லாவிட்டாலும் மலிவானது இல்லை. நாளைக்கு நம்மில் சிலர் வீடும் சாலையும் திட்டமிடும் இன்ஜினியர்களாக உட்காரப் போகிறோம். அன்றைக்கு இது ஞாபகம் இருக்கட்டும்.

சரி, இப்போது வீடு தேடும் நண்பர்களுக்கு நேராக வருகிறேன்.

வாடகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். அமெரிக்காவில் ஒரு ஆய்வு அமைப்பு வீட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் சேர்த்தே அளக்கிறது. இரண்டும் சேர்ந்து வருமானத்தில் 45 சதவீதத்தைத் தாண்டினால் அந்த இடம் உங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு. அந்த எண் நமக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஊருக்குப் பணம் அனுப்புகிறவனுக்கு அது இன்னும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் சேர்த்து அளக்கும் அந்தப் பழக்கம் நல்ல பழக்கம். கையில் 25,000 வந்தால் வாடகை, பெட்ரோல், இஎம்ஐ, ஷேர் ஆட்டோ எல்லாம் சேர்த்து 11,250-க்குள் வருகிறதா என்று பாருங்கள். புறநகர் வீட்டுக்காக பைக் வாங்க வேண்டி வந்தால், அந்த இஎம்ஐயும் வாடகைதான்.

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லா ரோடும் அழகாகத்தான் இருக்கும். வேலை நாள் காலை எட்டு மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து ஆஃபீஸ் வரை ஒரு தடவை போய்ப் பாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடவை திரும்பி வந்து பாருங்கள். பக்கத்துக் கடை அண்ணனிடம் 2015-லும், 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எது வரை வந்தது என்று கேளுங்கள். கோடையில் தண்ணீர் லாரிக்கு யார் காசு கொடுப்பது என்று ஓனரிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் வெளியே இருப்பதுதான் லாபம் என்று வந்தால், தாராளமாகப் போங்கள். வேலை மாறினால் இந்தக் கணக்கை மறுபடியும் போடுங்கள்.

எங்கள் வீட்டிலும் இப்போது கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஜூனில் எனக்கு கிண்டி பக்கம் வேலை. ஆலந்தூர், ஆதம்பாக்கம் பக்கம் சின்னதாக ஒரு வீடு பார்க்கலாமா என்று பேச்சு. வாடகை இரண்டு மடங்குக்கும் மேல். பாட்டிக்குத் தனி அறை கிடைக்காது. அப்பாவுக்கு அந்த எண்ணைக் கேட்டாலே பயம். போன வாரம் மறுபடியும் கேலண்டர் தாளைக் கிழித்தார். அம்மா தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்து, "இந்தத் தடவ நான் எழுதறேன்" என்று பேனாவை வாங்கிக்கொண்டார். முதல் வரியில் வாடகையை எழுதவில்லை. "ஆலந்தூர்ல டெய்லரிங் யூனிட் எத்தனை இருக்கு, என்ன சம்பளம் தர்றாங்க, விசாரிச்சுட்டு வா" என்று என்னை அனுப்பியிருக்கிறார். இந்த சனிக்கிழமை போகிறேன்.