பரணில் இருந்த மாயாவி

வைகாசியில் தாம்பரத்தில் வீடு வாங்கினோம். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, 20 ஆண்டு வங்கிக் கடன் என்று எட்டு மாதம் காகிதங்களோடுதான் வாழ்ந்தேன். வாடகை வீட்டைக் காலிசெய்தபோது பரணிலிருந்து அப்பாவின் தகரப்பெட்டி இறங்கியது. உள்ளே முத்து காமிக்ஸ்.

சிவகாசியில் 1972-இல் தொடங்கிய இதழ் அது. முதல் வெளியீடே ‘இரும்புக்கை மாயாவி’. மின்சாரம் பாய்ந்தால் நாயகனின் உடல் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். பிரிட்டிஷ் கதைதான். ஆனால் எனக்கு அவன் தமிழ்தான் பேசினான். சிறுவயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறிய என்னை, அடுத்த கட்டத்தில் என்ன நடக்கும் என்ற பதைப்புதான் வாசகனாக்கியது. பாடப்புத்தகம் அதைச் செய்யவில்லை.

புது வீட்டின் மூட்டைகள் பிரிக்காத கூடத்தில், தரையில் படுத்து அன்றிரவு நான்கு இதழ்களைப் படித்தேன். மறுநாள் என் மகள் ஐந்தாவதை எடுத்துக்கொண்டாள். தமிழ் வாசிக்கச் சொன்னாலே முகம் சுளிப்பவள், “அப்பா, ‘சதிகாரன்’னா யாரு?” என்று கேட்டாள்.

காமிக்ஸைப் படிப்பைக் கெடுக்கும் குப்பை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு பள்ளி நூலகத்திலும் அதற்கு ஓர் அலமாரி வேண்டும். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.