ஆட்குறைப்புற்றார்க்கு நற்சாட்சி

ஒருவர் தம் குற்றத்தால் வேலை யிழத்தல் ஒன்று. தம்பாற் குற்றம் யாதுமின்றி, வேலை தந்தாரின் வரவு சுருங்கியமையால் வேலை யிழத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் வேறென்பதை அறிவுடையார் யாவரும் ஒப்புவர். ஆயினும், வேலை யிழந்தார் பிறிதோர் அலுவலகத்தின் வாயிலிற் சென்று நிற்குங்கால், இவ்வேறுபாடு அவர்தம் முகத்தில் எழுதப்பட்டிருப்பதன்று. அவர் கையிலுள்ள தாளில் அது எழுதப்பட்டிருத்தல் வேண்டும். அத்தாளே நற்சாட்சிப் பத்திரம். ஆட்குறைப்புச் செய்யும் தலைவர் அதனைப் பரிவோடும் மெய்யோடும் எழுதித் தருதல் தயவன்று, கடன் என்பதே யாம் ஈண்டு நிலைநாட்டக் கருதுவது.

பிறர்பொருட்டுத் திருமுகம் எழுதுதல் தமிழுக்குப் புதிய வழக்கமன்று. மதுரையில் யாழிசைத்து வாழ்ந்த பாணபத்திரர்க்காக ஆலவாய் இறைவனே சேரமான் பெருமாளுக்கு ஓலை விடுத்தருளினான் என்பது சைவ நூல்களிற் போந்த வரலாறு. அவ்வோலை பதினோராந் திருமுறையின் முதற்கண் வைக்கப்பெற்றுள்ளது. பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் அதற்கென ஒரு படலமே வகுத்தனர். எழுதுவார் யாவர், எங்கிருந்து எழுதுகின்றார், ஓலை கொணர்வார் எத்தொழிலில் வல்லவர், அவர்க்குச் செய்யத்தக்கது யாது என்னும் நான்கும் அதனுள் அடங்கியுள்ளன. புகழ்மொழியெல்லாம் ஓலையைப் பெறுகின்ற சேரமானுக்கே உரியன; பாணரைக் குறித்தோ அவர்தம் யாழ்த்திறமும் அன்புமே சொல்லப்பட்டன. அவ்வளவே போதியதாயிற்று.

பவுலடிகள் ஒநேசிமுவின்பொருட்டுப் பிலேமோனுக்கு எழுதிய நிருபமும் இத்தகையதே. 25 வசனங்களேயுடைய அச்சிறு நிருபத்தில், ஒநேசிமு பட்ட கடன் ஏதேனும் இருப்பின் அதனைத் தாமே இறுப்பதாக அடிகள் தம் கைப்பட எழுதுகின்றார். இவ்விரு முடங்கல்களாலும் யாம் அறிவன இரண்டு: நற்சாட்சி நீண்டிருத்தல் வேண்டா, ஆனால் எழுதினவர் அதற்குத் தாமே பொறுப்பாதல் வேண்டும்.

இனி, ஆட்குறைப்பென்பது யாதென ஆராய்வோம். 1947ஆம் ஆண்டின் தொழிற்றகராறுச் சட்டத்தில் 1953ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட விளக்கம், ஒழுங்கு நடவடிக்கையின் தண்டனையாக அன்றிப் பிற காரணத்தால் முதலாளி ஒரு தொழிலாளரை வேலையினின்றும் நீக்குதலே ஆட்குறைப்பு என்றது. அது தண்டனையன்று என்பது சட்டத்தின் சொல்லிலேயே பொதிந்துள்ளது காண்க. ஓராண்டு இடையறாது பணிபுரிந்தார்க்கு ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான கூலியோ தருதல் வேண்டும். நிறைந்த ஒவ்வோராண்டுக்கும் 15 நாளைச் சராசரிக் கூலி ஈடாகத் தருதல் வேண்டும். ஒரே வகுப்பினருள் கடைசியில் வந்தவரே பொதுவாக முதலில் நீங்குதல் வேண்டும். பின்னர் ஆள் தேவைப்படின் நீங்கினவர்க்கே முதலிடம் அளித்தல் வேண்டும் என்பன அச்சட்டம் வகுத்த நெறிகள். 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலுறவுச் சட்டத்தொகுப்பும் இந்நெறிகளைக் கைவிட்டிலது. கடைசியில் வந்தவர் நீங்குவரெனின், அவர் திறத்திற் கடையர் என்பது பொருளாகுமோ? ஆகாது. அவரைத் தெரிந்தெடுத்தது நாட்கணக்கேயன்றி அவர்தம் குறை அன்று.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. திருப்பெரும்புதூரில் நோக்கியாவின் கைப்பேசித் தொழிற்சாலை 2014 நவம்பர் 1ஆம் தேதியோடு உற்பத்தியை நிறுத்திற்று. மறைமலைநகரில் ஃபோர்டு மோட்டார் ஆலை 2022ஆம் ஆண்டில் உற்பத்தியை நிறுத்திற்று. முன்னதற்கு வரி வழக்கும் வாணிகக் கைமாற்றமும் காரணமாயின. பின்னதற்குப் பல்லாண்டு நட்டம் காரணமாயிற்று. பொறியருகே நின்று உழைத்த ஓர் இளைஞரோ நங்கையோ அவ்வழக்கையும் அந்நட்டத்தையும் விளைத்தாரல்லர். எனினும் அடுத்த வேலைக்குச் சென்ற இடத்தில், ‘ஏன் நின்றீர்?’ என்னும் வினாவுக்கு விடையிறுக்கும் சுமை அவர் தலைமேலேயே விழுகின்றது. பெயர்பெற்ற ஆலை மூடுமாயின் காரணத்தை நாடறியும். சிறியதோர் அலுவலகத்தில் இருவர் மூவர் நீக்கப்படின் அதனை யாரறிவார்?

நூலாலையொன்றில் 12 ஆண்டு கணக்கராயிருந்த ஒருவரை எண்ணிப் பார்ப்போம். நூல் விற்பனை குன்றியது. நால்வர் எழுதிய கணக்கை மூவரைக் கொண்டு எழுதுவிக்கத் துணிந்தனர். நால்வருள் பின்வந்தவராதலின் இவர் நீக்கப்பட்டார். இவர் கையிற் கொடுத்த தாளில், ‘இன்னார் இன்ன தேதிமுதல் இன்ன தேதிவரை எம்மிடம் வேலை பார்த்தார், அவர்க்கு எல்லா நன்மையும் உண்டாகுக’ என்று இரண்டு வரிகளே உள. இவற்றுட் பொய் ஒன்றுமில்லை. ஆயின் இதனைப் படிக்கும் புதிய தலைவர், ‘பன்னீராண்டு இருந்தவரைக் குறித்துச் சொல்லத்தக்கது இவ்வளவுதானோ? பணங் கையாடினரோ? பிணக்கு விளைத்தனரோ?’ என்று ஐயுறுவர். எழுதாது விடப்பட்ட சொல், எழுதப்பட்ட பழியினும் கொடிதாகின்றது. பழியை மறுக்கலாம், மௌனத்தை யாங்ஙனம் மறுப்பது?

‘பரிவு காட்டப் புகின் பொய்யுரைக்க நேருமே’ என்பார் உளர். இவ்வச்சம் புறக்கணிக்கத் தக்கதன்று. ஜெர்மானிய நாட்டில் நற்சாட்சி பெறுதல் ஊழியரின் சட்டவுரிமை. அது மெய்யாயிருத்தலோடு, அவர்தம் முன்னேற்றத்தைத் தடுக்காவண்ணம் பரிவுடையதாகவும் இருத்தல் வேண்டுமென அந்நாட்டு நீதிமன்றங்கள் விதித்தன. விளைந்தது யாது? ஒரு மறைமொழி பிறந்தது. ‘எமக்கு முழுத் திருப்தி’ என்றெழுதின் நடுத்தரம் என்பது பொருள். ‘எப்பொழுதும் முழுமையினும் முழுமையான திருப்தி’ என்றெழுதினாலன்றி உயர்தரம் ஆகாது. ‘முயன்றார்’ என்றெழுதின் செய்துமுடித்திலர் என்பது குறிப்பு. வெளிப்படையாகத் தோன்றும் பொருளன்றிப் பிறிதொன்றை யுணர்த்தும் சொற்களை நற்சாட்சியில் அமைத்தலாகாதெனச் சட்டமே தடுத்தும் அவ்வழக்கம் ஒழிந்திலது. புகழ்ச்சொற்கள் மலிந்தால் அவற்றின் மதிப்புக் குன்றும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. ஆதலின் பரிவை உயர்வுநவிற்சியிற் காட்டுதல் ஆகாது. செய்தியிற் காட்டுதல் வேண்டும்.

‘எதையேனும் எழுதி வழக்கில் அகப்படுவதினும் தேதியை மட்டும் எழுதித் தப்புவதே நன்று’ என்பார் மற்றொரு சாரார். ஆங்கில நாட்டில் 1792ஆம் ஆண்டிலேயே வேலைக்காரர்க்குப் பொய் நற்சாட்சி அளிப்பாரைத் தண்டிக்கும் சட்டம் எழுந்தது. 1994ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பிரபுக்கள் சபை, முன்னாள் ஊழியரைக் குறித்துக் கவனமின்றித் தவறாக எழுதிக் கேடு விளைப்பார் அதற்கு ஈடுசெய்யப் பொறுப்புடையர் எனத் தீர்ப்பளித்தது. இவையிரண்டும் பொய்யையும் கவனமின்மையையுமே கடிந்தன. கருத்தோடு எழுதிய மெய்யைக் கடிந்தில. தலைவர் தம் பதிவேட்டைப் பார்த்து எழுதுவாராயின் அஞ்சுதற்கு இடம் யாது?

‘நீக்கப்பட்டவர் திறமை குறைந்தவராயின் என் செய்வது?’ எனின், அவர் செய்த வேலையைச் செய்தவாறே கூறுக, செய்யாததைக் கூறற்க. நாடோறும் காலந் தவறாது வந்தாராயின் அதனை எழுதுக. மெய்யாகச் சொல்லத்தக்க நன்மை ஒன்றேனும் இல்லாதார் அரியர். அவரையே பல்லாண்டு வைத்துக் கூலி கொடுத்தவர், ஒன்றுமில்லை யென்பாராயின் தம் மேற்பார்வையையே இகழ்ந்தவராவர்.

இனி, எழுதுமுறை இதுவென யாம் கூறத் துணிகின்றோம். முதற்கண், நீங்கிய காரணத்தை ஐயமற எழுதுக. ‘வேலை சுருங்கியமையால் இவ்விடம் குறைக்கப்பட்டது, இவர் நடத்தையோ திறமையோ காரணமன்று’ என்னும் ஒரு வாக்கியம், பத்துப் புகழ்மொழிகளினும் பயனுடையது. இரண்டாவது, பதவியின் பெயரோடு நில்லாது செய்த வேலையை விளக்குக. ‘கணக்கர்’ என்பதினும், ‘பஞ்சுக் கொள்முதற் பேரேட்டை 12 ஆண்டு எழுதினார், ஆண்டு முடிவுத் தணிக்கைக்குரிய தாள்களைத் தாமே ஒழுங்குசெய்தார்’ என்பது அவரை நம் கண்முன் நிறுத்தும். மூன்றாவது, மீண்டும் இடமுண்டாயின் இவரை ஏற்பேம் என்பது மெய்யாயின் அதனைச் சொல்லுக. நான்காவது, கேட்பார்க்கு விடையளிக்கத் தம் பெயரும் முகவரியும் தந்து கையொப்பமிடுக. இறுதியாக, நீங்கும் நாளிலேயே கொடுக்க. பலமுறை வந்து வாயிலிற் காத்து நின்று பெறும் நற்சாட்சி, தருகின்றவர் பெருமையைக் குறைக்கின்றது; பெறுகின்றவர்க்கோ அதற்குள் ஒரு வேலை கைநழுவிப் போயிருக்கும்.

1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தையொட்டி வகுக்கப்பட்ட மாதிரி நிலையாணைகள், நிரந்தரத் தொழிலாளர் நீங்குங்கால் பணிச்சான்று பெறும் உரிமையை அன்றே ஒப்புக்கொண்டன. ஆயின் சான்று தருக எனச் சட்டம் கட்டளையிடலாம். அன்போடு தருக எனக் கட்டளையிடல் அதற்கு இயலாது. அஃது எழுதுவார் நெஞ்சைப் பொறுத்தது.

நம் கல்லூரித் தோழர்காள்! இன்னும் சில ஆண்டுகளில் நம்முட் சிலர் பிறரை வேலைக்கு அமர்த்தும் நிலையினை எய்துவோம். சிலர் இத்தகைய தாளைக் கையிலேந்தி நிற்கவும் நேரலாம். யார் யாரென இன்று அறியோம். ஈட்டுத்தொகை சில திங்களிற் செலவாகிவிடும். அதற்குள் அடுத்த வேலை கிட்டாவிடின் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் நிற்கும். அவ்விடைவெளியைக் கடத்துதற்குரிய தோணி அத்தாள் ஒன்றே. அதனை எழுதக் கால் நாழிகை போதும். உழைப்பைப் பெற்றுக்கொண்டவர், உழைத்தார் என்று சொல்லவும் கடமைப்பட்டவரே யாவர்.