பிளக்கைப் பிடுங்கினால் புலி பூனையாகும் கதை

கேமிங் லேப்டாப் என்று சொல்லி விற்கிறார்களே, அதில் பெரும்பாலானவை மடக்கித் தூக்கிக்கொண்டு போகக்கூடிய டெஸ்க்டாப், அவ்வளவுதான். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிய நொடியில் புலி பூனையாகிவிடும். இது விற்கிறவருக்குத் தெரியும். செய்கிறவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். லட்ச ரூபாய் எண்ணி வைக்கிற நமக்கு மட்டும்தான் தெரியாது. ஏனென்றால் பெட்டியில் எங்கேயும் எழுதியிருக்காது.

இதுக்கு ஏன் இவ்வளவு சூடு என்று கேட்பீர்கள். மே, ஜூன் வந்தால் டெல்லி, குர்கான், நொய்டா பக்கம் இருக்கிற நம்ம ஜனங்களுக்கு இரண்டே கேள்விதான். ஒன்று, ஊருக்கு டிக்கெட் கன்ஃபர்ம் ஆச்சா? இன்னொன்று, காலேஜ் சேரப்போகிற பிள்ளைக்கு எந்த லேப்டாப் வாங்கலாம்? பொட்டி தட்டுகிறவன் என்ற ஒரே தகுதியில் இரண்டாவது கேள்வி என்னிடம் வந்துவிடும். மலை மந்திரில் சாமி கும்பிட்டுவிட்டுச் செருப்பைத் தேடும்போதுகூட ஒருத்தர் பிடித்துக்கொண்டார் :) பிள்ளை கேட்பது கேமிங் லேப்டாப். அப்பா அம்மா கேட்பது படிப்புக்கு லேப்டாப். கடைக்காரர் சொல்வது, "ரெண்டும் இதுலயே இருக்கு சார், பேட்டரி எட்டு மணி நேரம் வரும்." ஏமாற்று அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பயப்படாதீர்கள், பள்ளிக்கூட வகுத்தல்தான். பேட்டரி 60 வாட்-ஹவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே வருகிற செங்கல் மாதிரி அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள், 180, 230, 240 வாட் என்று ஏதாவது போட்டிருக்கும். ஆட்டம் சூடு பிடிக்கும்போது லேப்டாப் மொத்தமாக 180 வாட் இழுக்கிறது என்றால், 60-ஐ 180-ஆல் வகுங்கள். 20 நிமிடம்! எட்டு மணி நேரம் எங்கே, 20 நிமிடம் எங்கே? அந்த எட்டு மணி பெரும்பாலும் திரை வெளிச்சத்தைக் குறைத்துவைத்து வீடியோ ஓட்டி எடுத்த அளவு.

அந்த 20 நிமிடம்கூட முழு வேகத்தில் ஓட விடமாட்டார்கள். நான்கு லித்தியம் செல்லைத் தொடராகக் கோர்த்தால் சுமார் 15 வோல்ட். அதிலிருந்து 180 வாட் எடுக்க 12 ஆம்பியர் ஓட வேண்டும். லேப்டாப் செல்கள் அதிக நேரம் தாக்குப்பிடிக்கச் செய்யப்பட்டவை, ஒரேயடியாகக் கொட்டுவதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. அப்படி இழுத்தால் செல் சூடாகும், வோல்டேஜ் இறங்கும், திடீரென்று அணைந்தும் போகலாம். அதனால் பிளக் போன மறுகணமே உள்ளே இருக்கிற கட்டுப்பாடு, "மொத்தமாக இவ்வளவு வாட்டுக்கு மேல் கிடையாது" என்று கழுத்தைப் பிடிக்கிறது. அந்த 'இவ்வளவு' மாடலுக்கு மாடல் மாறும். நமக்குச் சொல்லாமல் விடுவது அதைத்தான்.

பெரிய பேட்டரி போட்டுவிட்டால்? முடியாது. 100 வாட்-ஹவருக்கு மேல் போனால் விமானத்தில் எடுத்துப் போக ஏர்லைன்ஸின் தனி அனுமதி வேண்டும். அதனால்தான் விலை உயர்ந்த மாடல்களில்கூட 99, 99.9 என்று வந்து நிற்கிறது. அதையே 180-ஆல் வகுத்தாலும் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

ஆக, பேட்டரியில் வேகம் குறைகிறதே என்று யாரையும் திட்ட முடியாது. அது இயற்பியல். குறைகிறது என்பதை மறைக்கிறார்களே, திட்டு அதற்குத்தான்.

மறைப்பதால் என்ன ஆகிறது? எங்கள் சொசைட்டியில் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி. மகள் ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள். வாங்கி ஒரு வருஷம் தாண்டிய கேமிங் லேப்டாப். கரண்ட் போனால், ஜெனரேட்டர் வருவதற்குள் படம் திக்கித் திணறுகிறது. கல்லூரியில் பிளக் இல்லாத ஹாலில் தன் 3டி மாடலைச் சுற்றிக் காட்டப்போனால் ஜூரி முன்னால் ஆமை வேகம். "ராத்திரி பூரா கேம் ஆடி ஆடிப் பேட்டரியைக் கெடுத்துட்டா தம்பி" என்று அண்ணாச்சி அவளை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருக்கிறார். சர்வீஸ் சென்டரில் பேட்டரி போச்சு, மாற்ற 7,500 ரூபாய் என்றார்களாம். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கிற வசதி உண்டு. எடுத்துப் பார்த்தால் புதிதில் 60, இப்போது 55. பேட்டரி கல் மாதிரி இருக்கிறது! அந்தப் பொண்ணு பேசாமல் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.. "நான் அப்பவே சொன்னேன் அங்கிள், யாரும் கேக்கல" என்றாள். வாங்கும்போதே ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் இந்தத் திட்டும் இல்லை, அந்த 7,500-ம் இல்லை.

அடுத்தது இலவச ஆலோசனை திலகங்கள். பேட்டரியில் கேம் வேகமாக ஓட வேண்டுமா, எல்லாவற்றையும் 'அதிகபட்ச செயல்திறன்' என்று தள்ளிவிடு, பூஸ்டர் மென்பொருள் போடு, ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் பண்ணு என்பார்கள். இதைவிட மொக்கையான யோசனை கிடையாது. தண்ணீர்த் தொட்டி சின்னது, குழாயும் சின்னது. திருகை இன்னும் திருகினால் தண்ணீர் அதிகமாகவா வரும்? கொஞ்ச நேரம் பாயும், வரம்பில் முட்டும், இறங்கும், மறுபடி ஏறும். திரையில் திக்குவாய் மாதிரி தெரிவது அந்த ஏற்ற இறக்கம்தான். பூஸ்டர் மென்பொருளோ சும்மா உட்கார்ந்து இருக்கிற கொஞ்ச நஞ்ச வாட்டையும் தின்னும்.

பேட்டரியில் வேகம் வேண்டுமென்றால் குறைவாகக் கேட்க வேண்டும். காரணம் எளிது. சிப்பின் வேகத்தைக் கூட்ட வோல்டேஜையும் கூட்ட வேண்டும், வோல்டேஜ் இரு மடங்கானால் மின்சாரச் செலவு நான்கு மடங்கு. கடைசிக் கொஞ்சம் வேகத்துக்குத்தான் கொள்ளை வாட் போகிறது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பாதி வாட்டிலேயே பாதிக்கு மேல் வேகம் நிற்கும். செய்ய வேண்டியவை இவ்வளவுதான்:

1. ஃபிரேம் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வையுங்கள். என்விடியா கன்ட்ரோல் பேனலில் 2020-லிருந்தே இந்த வசதி இருக்கிறது, பல விளையாட்டுகளுக்குள்ளேயும் இருக்கும். 60-க்கும் 25-க்கும் நடுவில் குதிப்பதைவிட நிலையான 40 கண்ணுக்கு இதம். 120 ஹெர்ட்ஸ் திரை என்றால் 40 சரியாக வகுபடும். அதுவும் தாங்காவிட்டால் 30.

2. ஃபிரேமை 30-லோ 60-லோ நிறுத்தினால் திரையையும் 60 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். 30 ஃபிரேம் ஓடும் இடத்தில் 144 ஹெர்ட்ஸ் எதற்கு? வெளிச்சத்தையும் குறையுங்கள்.

3. ரெசல்யூஷன். 1920-க்கு 1080 என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சுமார் 20.7 லட்சம் புள்ளி வரைய வேண்டும். 1600-க்கு 900 என்றால் 14.4 லட்சம்தான். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் இருந்தால் அதைப் போடுங்கள். ரே டிரேசிங்கை அணைத்துவிடுங்கள், நிழல்களைக் குறையுங்கள்.

4. இது பலருக்குத் தெரியாது. பேட்டரி கொடுக்கிற வாட்டை பிராசஸரும் கிராஃபிக்ஸ் சிப்பும் பங்கு போட்டுக்கொள்கின்றன. விண்டோஸ் பவர் செட்டிங்கில் பேட்டரிக்கு மட்டும் பிராசஸரின் உச்ச அளவை 99 சதவீதம் ஆக்கினால் பொதுவாக டர்போ நின்றுவிடும். மிச்சமாகும் வாட் கிராஃபிக்ஸுக்குப் போய் ஆட்டம் வேகமாகலாம். (சில புது லேப்டாப்களில் அந்த வரி கண்ணில் படாது, மறைத்து வைத்திருப்பார்கள்.)

5. விளையாடாத நேரத்தில் பெரிய கிராஃபிக்ஸ் சிப் தூங்க வேண்டும். ஹைபிரிட் முறையில் வையுங்கள். அதை எப்போதும் விழித்திருக்க விட்டால் வகுப்பில் நோட்ஸ் எடுக்கும்போதே பேட்டரி காலி.

6. சார்ஜ் அடிமட்டத்துக்கு வந்தபின் மல்லுக்கட்டாதீர்கள். பல லேப்டாப்களில் அங்கே கழுத்துப்பிடி இன்னும் இறுகும்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்த ரகசியம் இல்லை. என்விடியாவே 2014-ல் பேட்டரி பூஸ்ட் என்று கொண்டுவந்தபோது செய்தது ஃபிரேமுக்கு வரம்பு கட்டியதுதான். 2022-ல் வந்த ஸ்டீம் டெக்கைப் பாருங்கள். 40 வாட்-ஹவர் பேட்டரி, சிப்புக்கு அதிகபட்சம் 15 வாட், 1280-க்கு 800 திரை. கையடக்கத்துக்கு எவ்வளவு கொடுக்க முடியுமோ அதற்கு ஏற்ற மாதிரி செய்தார்கள், அதையே சொல்லி விற்றார்கள். 2021-ல் எம்1 ப்ரோ, எம்1 மேக்ஸ் சிப்போடு வந்த மேக்புக் ப்ரோவை, பிளக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வேகம் என்று ஆப்பிள் மார் தட்டியே விற்றது. (அதில் ஓடும் விளையாட்டுகள் குறைவு, விலையைக் கேட்டால் தலை சுற்றும், அது தனிக்கதை.) ஆக, சொல்ல நினைத்தால் சொல்ல முடிகிறது.

"பேட்டரியில யாரு சார் கேம் ஆடுறாங்க?" என்று கடைக்காரர்கள் மடக்குவார்கள். அப்படியென்றால் எதற்கு ஐயா லேப்டாப் என்று பெயர்? கரண்ட் போகிற ஊரில் இருப்பவன், ஹாஸ்டலில் ஒரு பிளக்குக்கு மூன்று பேர் அடித்துக்கொள்கிறவன், தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் உட்கார்ந்து ஊருக்குப் போகிறவன் எல்லாம் யார்? நம்ம வீட்டுப் பிள்ளைகள்தானே. இன்னொரு பக்கம் தங்கமணி கட்சி: "கேம் ஆடாம இருந்தா நல்லதுதானே!" மேடம், பேட்டரி இழுத்துப் பிடிப்பது விளையாட்டை மட்டும் இல்லை. வீடியோ எடிட்டிங், 3டி, கல்லூரி புராஜெக்ட் எல்லாவற்றுக்கும் அதே கழுத்துப்பிடிதான்.

பிஸ்கட் பாக்கெட்டில் எத்தனை கிராம் என்று எழுத வேண்டும், அது சட்டம். லட்ச ரூபாய்ப் பெட்டியில் பேட்டரியில் எத்தனை வாட் கிடைக்கும் என்று ஏன் எழுதக்கூடாது? பிளக் போட்டிருக்கும்போதே கதை கந்தல். ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்புக்கு என்விடியா தரும் வரம்பு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. பெயர் ஒன்று, சக்தி மூன்று மடங்கு வித்தியாசம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரத்தையும் தவறான விளம்பரம் என்றே சொல்கிறது. இது முக்கியமான தகவல் இல்லை என்றால் வேறு எதுதான் முக்கியம்?

அவர்கள் எழுதும்வரை நாம் கேட்போம். கடையில் டெமோ லேப்டாப்பில் ஒரு விளையாட்டை ஓட்டச் சொல்லுங்கள். ஃபிரேம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கச் சொல்லிப் பத்து நிமிடம் பாருங்கள். மாட்டேன் என்றால் அடுத்த கடை. எட்டு மணி நேரம் என்றால் "எதை ஓட்டினால் எட்டு மணி? பில்லில் எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்து ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, இந்தியிலும் ஆங்கிலத்திலும் மல்லுக்கட்டத் தயங்காதீர்கள். லேப்டாப் மேசையை விட்டு நகரவே போவதில்லை என்றால் அதே காசுக்கு டெஸ்க்டாப்பும் ஒரு யுபிஎஸ்ஸும் விலை கேட்டுப் பாருங்கள்.

டிஸ்கி: நான் எந்தக் கம்பெனிக்கும் ஆள் இல்லை, எவரிடமும் கமிஷன் வாங்கவும் இல்லை. அண்ணாச்சி வீட்டில் அந்த 7,500 ரூபாய் இன்னும் பத்திரமாக இருக்கிறது. மகளிடம் மன்னிப்பு கேட்டாரா என்று மட்டும் கேட்காதீர்கள், திருநெல்வேலி கௌரவம் ;)