காவிரி மீன்களுக்கு ஒரு பதிவேடு

ஆடிப் பதினெட்டன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் கூடும் ஜனத்திரளைக் கண்டவர்கள், காவிரியைத் தாயென்று நாம் போற்றுவது வெறும் உபசார வார்த்தையன்று என்பதை அறிவார்கள். ஆனால் அந்தத் தாயின் மடியில் வளரும் மீனினங்கள் எவை, அவற்றுள் எவை நசித்து வருகின்றன என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் விடை கூற மாட்டோம். இந்த அறியாமைக்குத் தேசம் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறது.

காவிரியிலும் அதன் உபநதிகளிலும் அன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத கூன்முதுகு மஹ்சீர் என்னும் பெருமீனின் வரலாறே இதற்குச் சான்று. ஐம்பது கிலோவுக்கு மேலும் வளரக்கூடிய இம்மீனைப் பற்றி ஹெச். எஸ். தாமஸ் என்ற ஆங்கிலேயர் 1873-லேயே எழுதினார். எனினும் அதன் விஞ்ஞானப் பெயர் ஐயமற நிலைபெற்றது 2018-ல்தான். கரூருக்கருகே காவிரியில் கலக்கும் அமராவதியின் கிளையான பாம்பாற்றில் கண்டு, டோர் ரெமாதேவி என்று பெயரிடப்பட்டிருந்த மீனும் இதுவும் ஒன்றே என்பதை, உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு ஆராய்ச்சியாளர் நிலைநாட்டினர். அவ்வாண்டிலேயே அது அழிவின் விளிம்பில் உள்ளதென்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் அறிவித்தது.

இடைக்காலத்தில் நடந்தது யாது? மஹ்சீரைப் பெருக்கும் நல்லெண்ணத்துடன், கிருஷ்ணா நதித் தீரத்துக்குரிய நீலத்துடுப்பு மஹ்சீரின் குஞ்சுகள் பண்ணைகளில் வளர்க்கப்பட்டுக் காவிரியில் விடப்பட்டன. வந்தவை பெருகின, உரியவை அருகின. அணைகளும், வெடிவைத்து மீன் பிடிக்கும் பாதகமும் செய்த கேட்டோடு இதுவும் சேர்ந்துகொண்டது. எதைக் காக்கிறோம் என்று அறியாமல் காக்கப் புகுந்ததன் பலன் இது.

இத்தகைய பிழை மீண்டும் நேராதிருக்க விஞ்ஞானம் ஒரு வழி காட்டியிருக்கிறது. 2003-ல் கானடாவின் குவெல்ஃப் சர்வகலாசாலையைச் சேர்ந்த பால் ஹெபர்ட் என்பவர், ஒரு மரபணுவின் ஏறக்குறைய 650 எழுத்துக்களைக் கொண்டே பெரும்பாலான பிராணிகளை இனம் பிரிக்கலாமென்று எடுத்துக் காட்டினார். துடுப்பில் சிறு துணுக்கு போதும். ஆற்று நீரை வடிகட்டியே அதில் வாழும் மீன்களின் அடையாளத்தை அறியும் முறையும் வந்துவிட்டது. ஆனால் கிடைத்த எழுத்துக்களை ஒத்துப்பார்க்க நம்பகமான பதிவேடு வேண்டும். பத்திரப் பதிவு ஆபீஸில் பொய்ப் பத்திரம் ஒன்று புகுந்துவிட்டால், அதன்மேல் எழும் பாத்தியதை அனைத்தும் பொய்யாவது போல, பெயர் தவறிய ஒரு மீன் பதிவேட்டில் ஏறிவிட்டால், பின்னால் வரும் முடிவுகளும் தவறியே தீரும்.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்தியதில் பிரான்ஸிஸ் டே நம் மீன்களை ஆராய்ந்து நூல் செய்தார். அவர் சேகரித்தவற்றில் பல லண்டன் பொருட்காட்சிச் சாலைக்குச் சென்றன. அன்று அந்நியராட்சியைக் குறை கூறினோம். 1983-ல் நிறுவப்பட்ட தேசிய மீன் மரபுவளத் தாபனம் இன்று லக்னோவில் இருக்கிறது. பரீதாபாத்தில் உயிரியல் விவரக் களஞ்சியம் 2022-ல் திறக்கப்பட்டது. இனி யாரைக் குறை கூறுவது?

முக்கொம்பு முதல் கல்லணை வரை நம் கண்ணெதிரே ஓடும் காவிரியிலும் கொள்ளிடத்திலும் இவ்வேலையைத் தொடங்கலாகாதா? காவிரிக்கே உரியதெனப்படும் கருமுழிக் கெண்டை, வெளியிலிருந்து வந்த கட்லாவுக்கும் ரோகுவுக்கும் 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவுக்கும் இடையே எந்நிலையில் இருக்கிறதென்று அறிய வேண்டாமா? திருச்சிராப்பள்ளிக் கல்லூரிகளின் விலங்கியல் ஆசிரியர்களும் மாணவர்களும் வலைஞர்களைத் துணைக்கொண்டு மீன்களைச் சேகரிக்கட்டும். பிடித்த இடம், நாள், வலைஞர் வழங்கும் பெயர், படம், பாதுகாத்த உடல் ஆகிய யாவும் மரபணுக் குறியுடன் சேர்ந்திருக்கட்டும். உடல் இல்லாத குறி, சாட்சி இல்லாத வழக்கேயாகும்.

சர்க்காரின் கடமையும் ஒன்றுண்டு. ஆற்றில் குஞ்சு விடுமுன் அவை எவ்வினம், எந்நதிக்குரியவை என்று மரபணுவால் சோதித்தறிவதை விதியாக்க வேண்டும். பதிவேடு மட்டுமே மீனைக் காத்துவிடாது. நீரும் மணலும் நிலைத்தாலன்றி மீனில்லை என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் தாயென்று வணங்குவோர், அவள் மக்களின் பெயரையாவது அறிந்திருப்பது முறையன்றோ?