டிரைவர் எங்கே படுத்தார்?

நவக்கிரக யாத்திரை பத்தின பதிவுன்னு நினைச்சு உள்ள வந்தவங்க மன்னிக்கணும். ஒன்பது கோயிலும் பாத்தாச்சு, தரிசனம் நல்லபடியா ஆச்சு. நான் சொல்ல வந்தது நடுவுல வந்த ஒரு ராத்திரியைப் பத்தி.

செட்டியார்பட்டியில இருந்து வீட்டம்மா, மகள், மருமகன், ரெண்டு பேரப்பசங்க, நான்னு ஆறு பேர் கிளம்பினோம். வண்டி மருமகனோடது. ஓட்டுறதுக்கு ஊர்லயே ஒரு ஆக்டிங் டிரைவரைப் பிடிச்சோம். அவருக்கு வயசு 58, எனக்கு 62. நான் அவரை அண்ணாச்சிம்பேன், அவர் என்னை அண்ணாச்சிம்பார். யாருக்கு யார் அண்ணாச்சின்னு ஊர் திரும்புற வரைக்கும் முடிவாகல.

கும்பகோணத்துல அன்னைக்கு முகூர்த்தம். நாலு லாட்ஜ் ஏறி இறங்கி அஞ்சாவதுல ஒரே ஒரு ரூம் கிடைச்சது. கட்டில்ல பொம்பளைங்களும் பசங்களும், தரையில பாய் போட்டு மருமகன். நானும் படுத்தா கால் பாத்ரூமுக்குள்ள நீளும். டிரைவருக்கு ஒரு இடம் கிடைக்குமான்னு வரவேற்புல கேட்டேன். அந்தத் தம்பி என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, "டிரைவருங்க எல்லாம் வண்டியிலயே படுத்துக்குவாங்க சார்"னார். அப்ப நானும் அங்கயே படுத்துக்கிறேன்னு வீராப்பா கீழ இறங்கிட்டேன்.

வீராப்புக்குக் காரணம் இருக்கு. 1986-ல மெட்டடார் வேன்ல 14 பேர் செங்கோட்டை, ஆரியங்காவு வழியா சபரிமலை போனோம். சீட்டுக்கு நடுவுல, பைக்கு மேல, ஒருத்தன் மேல ஒருத்தன்னு கிடந்து தூங்கிட்டு, விடிஞ்சதும் எந்திரிச்சு மலை ஏறினோம். அப்ப எனக்கு 22. இப்ப என்ன, நாலு மணி நேரம்தானேன்னு நினைச்சேன்.

முன் சீட்டை முழுசா சாய்ச்சாலும் அது படுக்கை இல்லைங்க, சறுக்குமரம். கொஞ்சம் கொஞ்சமா கீழ வழுக்கி முட்டி டேஷ்போர்டுல போய் இடிக்கும். மேல ஏறிப் படுத்தா கழுத்து மடங்கும். கண்ணாடியை ஏத்தினா மூச்சு முட்டுது, இறக்கினா காவிரிக்கரைக் கொசு வரவேற்புக் கமிட்டியோட வருது. பழைய அம்பாசடர்ல முன் சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே நீளமா இருக்கும், நம்ம ஆளுங்க சுருண்டு படுத்துக்குவாங்க. இப்ப வர்ற வண்டிகள்ல நடுவுல கியரும் ஹேண்ட்பிரேக்கும் இடுப்புல குத்துது.

ஏசி போடலாமேன்னு கேட்டேன். "எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கக் கூடாது அண்ணாச்சி, எந்திரிக்க மாட்டோம்"னார். சரியாத்தான் சொன்னார். புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. 2024 டிசம்பர்ல கேரளாவுல வடகரை பக்கம் ரோட்டோரம் நிப்பாட்டியிருந்த கேரவன்ல ரெண்டு பேர் செத்துக் கிடந்தாங்களே, ஜெனரேட்டர்ல இருந்து கசிஞ்ச அதே வாயுதான் காரணம்.

அடுத்தது இயற்கை அழைப்பு. நான் சர்க்கரை ஆசாமி, ராத்திரி ரெண்டு தடவையாவது எந்திரிக்கணும். லாட்ஜுல ஷட்டரை இறக்கியாச்சு. இருட்டுல சுவரைத் தேடி நடந்தேன். திரும்பி வந்தப்ப கவனிச்சேன், அண்ணாச்சி காலடியில ஒரு காலி தண்ணி பாட்டில் தனியா வச்சிருந்தார். எதுக்குன்னு நான் கேக்கல.

காலையில என் ரெண்டு பாதமும் வீங்கி செருப்பு நுழையல. அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டு கட்டணக் குளியலறையில குளிச்சிட்டு, திருநீறு பூசி, கண்ணாடி துடைச்சு ரெடியா நின்னார். அன்னைக்கு அவர் ஓட்ட வேண்டியது ஊர் வரைக்கும் 300 கிலோமீட்டர் சொச்சம். வண்டிக்குள்ள என் பேரப்பசங்க.

வீக்கத்தைக் காட்டினதுக்கு ராஜபாளையத்துல டாக்டர் திட்டினார். காலைத் தொங்கப் போட்டபடி அசையாம ராத்திரி முழுக்கக் கிடந்தா கெண்டைக்கால்ல ரத்தம் உறையலாம், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனா ஆளே போயிடலாம்னார். வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். 1940-ல லண்டன்ல குண்டு விழுந்த காலத்துல, பதுங்கிடங்கள்ல சாய்வு நாற்காலியிலயே தூங்கினவங்க இப்படிச் செத்திருக்காங்க. 2004 அக்டோபர்ல ஜப்பான் நீகாட்டா பூகம்பத்துக்கு அப்புறம், வீட்டுக்குள்ள போகப் பயந்து கார்லயே ராத்திரிகளைக் கழிச்சவங்களுக்கும் இதே கதி. 2016-ல குமமோட்டோ பூகம்பத்துலயும் திரும்ப நடந்தது. அது பூகம்பம், வேற வழியில்ல. நாம என்ன பூகம்பத்துலயா கும்பகோணம் போனோம்?

இதைச் சொன்னா நம்ம ஆளுங்க வாயில மூணு பதில் ரெடியா இருக்கும். "அவங்க பழகிட்டாங்க சார்." 58 வயசு முட்டி எதுக்குங்க பழகும்? வேற வழி இல்லாததுக்குப் பேரு பழக்கம் இல்ல. "பேட்டா குடுக்கிறோம்ல." அந்தப் பேட்டாவுல சாப்பிட்டு, டீ குடிச்சு, மிச்சத்துல ரூம் போட முடியுமான்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. "வண்டிக்கு ஒரு காவல் வேணும்ல." அப்ப அது ராத்திரி வாட்ச்மேன் வேலை. பகல் பூரா ஓட்டின ஆளுக்கு அதை இனாமா தலையில கட்டுறோம். இதை எழுதறவனும் யோக்கியன் இல்ல. முப்பது வருசமா நானும் இந்த மூணையும் சொல்லியிருக்கேன்.

சட்டமே இல்லைன்னும் சொல்ல முடியாது. 2023 ஜூன்ல தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி ஒரு அரசாணை போட்டது. ஹோட்டல், லாட்ஜுல தங்க வர்றவங்களோட டிரைவர்களுக்குக் கழிப்பறை, குளியலறையோட படுக்கிற இடம் குடுக்கணும்.  உள்ளயே இருக்கணும், இல்லேன்னா 250 மீட்டருக்குள்ள. நான் ஏறின அஞ்சு லாட்ஜுலயும் இப்படி ஒண்ணு இருக்கிறதா யாரும் வாயைத் திறக்கல. எனக்கும் அப்படிக் கேக்கலாம்னு அப்பத் தெரியாது. ரூம்ல வெந்நீர் வரலைன்னா மேனேஜரைக் கூப்பிட்டுக் கத்துறோம். இதுக்கு ஒருத்தரும் கத்தினதில்ல.

இரக்கத்தை விடுங்க, சுயநலமாவே யோசிப்போம். 17 மணி நேரம் தூங்காம இருக்கிறவன் ஓட்டுறது, 100 மில்லி ரத்தத்துல 50 மில்லிகிராம் சாராயம் இருக்கிறவன் ஓட்டுறதுக்குச் சமம்னு ஆராய்ச்சி செஞ்சு சொல்லியிருக்காங்க. நம்ம நாட்டுச் சட்டத்துல 30-ஐத் தாண்டினாலே கேசு. குடிச்ச டிரைவர் கையில பிள்ளைகளைக் குடுக்க மாட்டோம். தூங்க விடாத டிரைவர் கையில மட்டும் சாவியைக் குடுத்துட்டு, பின் சீட்டுல நாம குறட்டை விடுவோம்.

அதனால பயணக்கட்டுரை எழுதற மக்களே, உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். எந்தக் கடையில சாம்பார் நல்லாருந்தது, ரூம்ல மெத்தை எப்படி, டிவியில எத்தனை சேனல்னு எல்லாம் விலாவாரியா எழுதறீங்க. (ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு மட்டும் மூணு பத்தி!) அடுத்த தடவை, டிரைவர் எங்கே படுத்தார்னு ஒரே ஒரு வரி சேருங்க. எந்த லாட்ஜுல அவருக்குக் கட்டில் குடுத்தாங்கன்னு பேரைப் போட்டே எழுதுங்க, நல்லதுதானே. குடுக்கலைன்னா அதையும் எழுதுங்க.

தை மாசம் பழனி போறதா இருக்கோம். ரூம் சொல்றதுக்கு நேத்து மருமகன் போன் போட்டார். எத்தனை பேர்னு அங்க கேட்டிருக்காங்க. ஆறுன்னு சொல்ல வாயெடுத்தவர் என் மூஞ்சியைப் பாத்துட்டு ஏழுன்னார்.