பாலைநிலத்துப் படகு வீரரும் எர்ணாவூர்க் கடலும்

முதலில் ஒரு கேள்வி. ஆசிய விளையாட்டின் துடுப்புப் படகுப் போட்டியில் இந்தியாவுக்கு முதல் தங்கப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தவர் எந்த ஊர்க்காரராக இருப்பார்? கேரளத்துக் காயல் ஓரமா? நம் வடசென்னைக் கடற்கரையா?

இரண்டும் இல்லை. 2010-ஆம் ஆண்டு சீனாவின் குவாங்சௌ நகரில் தனிநபர் படகுப் போட்டியில் தங்கம் வென்ற பஜ்ரங் லால் தாக்கர், ராஜஸ்தானின் சிகார் மாவட்டத்தைச் சேர்ந்தவர். மழை குறைந்த வறண்ட பூமி அது. 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் இதே பிரிவில் 13-ஆம் இடம் பெற்ற தத்து போகனல், மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்தில் வறட்சியில் வாடும் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். கிணறு வெட்டும் தொழிலாளியின் மகன். அவரும் தோழர்கள் மூவரும் 2018-இல் ஆசிய விளையாட்டில் நால்வர் படகில் தங்கம் வென்றார்கள்.

இவர்களை இணைப்பது கடலோ ஆறோ அல்ல, இராணுவம். சிப்பாய்களாகச் சேர்ந்த இந்த இளைஞர்களின் உயரத்தையும் உடல் உறுதியையும் கவனித்து, புனேயில் உள்ள இராணுவப் பயிற்சி மையம் அவர்களைப் படகில் ஏற்றியது. தண்ணீர் இல்லாத ஊரில் பிறந்தவர்களுக்கு நல்ல தண்ணீரும், படகும், பயிற்சியாளரும், வயிறு நிறைய உணவும் கிடைத்தன. அவர்கள் வீரர்கள் ஆனார்கள்.

இப்போது எர்ணாவூருக்கு வருவோம். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையில் உள்ள ஊர். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், சற்று வடக்கே கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரம். இவ்வளவு தண்ணீருக்கு நடுவே வளரும் பிள்ளைகள் ஏன் ஒலிம்பிக் படகில் ஏறவில்லை?

“அதற்கெல்லாம் தனித் திறமை வேண்டும்” என்று சிலர் சொல்வார்கள். “மீனவப் பிள்ளைகளுக்கு அது ரத்தத்திலேயே இருக்கிறது, தாமாகவே வந்துவிடும்” என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டு கருத்துகளும் தவறு என்பது என் எண்ணம். காரணத்தை அறிவியல் சொல்லட்டும்.

ஒரு வாளித் தண்ணீரில் உள்ளங்கையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். பிறகு வேகமாக இழுத்துப் பாருங்கள். தண்ணீர் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது! வேகம் இரு மடங்கானால் தண்ணீரின் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. அந்தத் தடையை வெல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிறது. அதாவது திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது.

அப்படியானால் ஒருவருக்குப் பதில் எட்டுப் பேர் வலித்தால் படகு இரு மடங்கு வேகத்தில் போகுமா? போகாது. எட்டுப் பேரைத் தாங்கும் படகு பெரியது. தண்ணீரில் நனையும் அதன் பரப்பு சுமார் நான்கு மடங்கு. திறன் எட்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. எனவே வேகத்தின் மும்மடி இரண்டு மடங்குதான் உயரும். இரண்டின் கனமூலம் எவ்வளவு? 1.26. வேகம் கால் பங்கு மட்டுமே கூடும் என்று கணக்கு சொல்கிறது.

நடைமுறை என்ன சொல்கிறது? 2017-இல் போலந்தின் போஸ்னான் நகரில் 2000 மீட்டர் தூரத்தைத் தனிநபர் படகில் நியூசிலாந்தின் ராபி மேன்சன் 6 நிமிடம் 30.74 விநாடியில் கடந்தார். அங்கே ஜெர்மனியின் எண்மர் படகு 5 நிமிடம் 18.68 விநாடியில் கடந்தது. வகுத்துப் பாருங்கள்: 1.23 மடங்கு. கணக்கும் களமும் எவ்வளவு நெருங்கி வருகின்றன, பார்த்தீர்களா!

இதிலிருந்து நாம் அறிவது என்ன? வேகத்தை 1 சதவீதம் கூட்ட, திறனை 3 சதவீதம் கூட்ட வேண்டும். அந்த 3 சதவீதத்தைப் பெற ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். அந்த உழைப்பும் கைகளுக்கு மட்டும் உரியதல்ல. போட்டிப் படகில் இருக்கை முன்னும் பின்னும் நகரும். வீரர் கால்களால் உதைத்து, முதுகை நிமிர்த்தி, கடைசியில்தான் கைகளை இழுக்கிறார். தனிநபர் படகின் எடை 14 கிலோ அளவே இருக்கும். சற்றுத் தடுமாறினால் கவிழ்ந்துவிடும். ஏறக்குறைய 7 நிமிடத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட தடவை அந்த அசைவைப் பிசகாமல் செய்ய வேண்டும். நுரையீரலும் இதயமும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

கட்டுமரத்தில் வளர்ந்த பிள்ளைக்கும் இது தானாக வராது. தண்ணீரையே பார்க்காத பிள்ளைக்கு வரவே வராது என்பதும் இல்லை. தினமும் பயிற்சி செய்ய இடம் இருப்பவருக்கு வரும். எனவே “எர்ணாவூரில் திறமை இருக்கிறதா?” என்று கேட்பதில் பயனில்லை. “இடம் இருக்கிறதா?” என்றுதான் கேட்க வேண்டும்.

நம் நகரத்துக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. மெட்ராஸ் போட் கிளப் 1867-லேயே தொடங்கப்பட்டது. ஆனால் அது இருப்பது அடையாற்றங்கரையில், எர்ணாவூருக்குச் சுமார் 20 கிலோமீட்டர் தெற்கே. பள்ளி விட்டு வரும் எர்ணாவூர் மாணவர் ஒருவர் நாள்தோறும் அங்கே போய் வர முடியுமா?

எர்ணாவூரின் சொந்த நீர்வழி பக்கிங்காம் கால்வாய். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையையும் எண்ணூரையும் இணைக்க வெட்டப்பட்ட இந்தக் கால்வாயில் விறகும் நெல்லும் உப்பும் ஏற்றிய படகுகள் ஓடின. இன்று கழிவுநீர் ஓடுகிறது. முகத்துவாரத்திலும் கொசஸ்தலையாற்றிலும் அனல் மின் நிலையங்களின் சாம்பல் படிந்து ஆழம் குறைந்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் வந்து சேர்ந்தது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்தன. பல நாள் தொழில் நின்றது. அந்தத் தண்ணீரில் ஒரு பிள்ளையைப் பயிற்சிக்கு இறக்க யாருக்கு மனம் வரும்?

“கால்வாய் போகட்டும், கடல் இருக்கிறதே!” என்பீர்கள். நல்ல கேள்வி. படகுப் போட்டிக்கு அசையாத நீர் வேண்டும் என்ற காலம் மாறிவருகிறது. 2028-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கடற்கரைத் துடுப்புப் போட்டி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. வீரர் மணலில் ஓடிவந்து படகில் ஏறுவார். அலையைக் கிழித்து, மிதவைகளைச் சுற்றி 250 மீட்டர் போவார். திரும்பி 250 மீட்டர் வந்து, குதித்து மணலில் ஓடி முடிப்பார். அலை எப்போது உயரும், படகை எந்தக் கணத்தில் தள்ள வேண்டும் என்பது தெரிந்திருந்தால் இங்கே பாதி வெற்றி. அது எர்ணாவூர்க் குப்பத்துப் பிள்ளைகள் தம் அப்பாக்களிடம் பார்த்துப் பார்த்துக் கற்ற பாடம் அல்லவா?

ஆனால் இந்தப் போட்டிக்கு மணற்கரை வேண்டும். நம் கடற்கரையில் அலைகள் ஆண்டுதோறும் ஏராளமான மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. 1870-களில் தொடங்கிக் கட்டப்பட்ட சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலை வழிமறித்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை கரைந்தது. வீடுகளைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினோம். பிறகு கட்டிய தூண்டில் வளைவுகளுக்கு இடையே சில இடங்களில் மணல் மீண்டும் சேர்ந்திருக்கிறது. மற்ற இடங்களில் கல்மேல் ஓடிப் படகில் ஏற முடியாது!

துறைமுகமும் மின்சாரமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றின் பயனை ஊரெல்லாம் பெறுகிறோம். விலையை மட்டும் எர்ணாவூர் போன்ற ஊர்கள் தனியாகக் கொடுக்கின்றன. இந்தக் கணக்கு சரிதானா?

எனவே பதக்கம் கேட்பவர்கள் வரிசையாகச் சில காரியங்கள் செய்ய வேண்டும். முதலில் கால்வாயிலும் ஆற்றிலும் கழிவைக் கொட்டுவதை நிறுத்த வேண்டும். படிந்த சாம்பலை அகற்ற வேண்டும். அடுத்து, மணல் சேர்ந்த கரையில், மீனவர்களின் சம்மதத்தோடும் அவர்கள் தொழிலுக்கு இடையூறு இல்லாமலும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு பயிற்சி இடம் அமைக்க வேண்டும். கடலை அறிந்த பெரியவர்கள் ஆசிரியர்களுக்குத் துணை நிற்கட்டும். பதக்கம் வராமலே போனாலும் நஷ்டமில்லை. நல்ல தண்ணீரில் மீன் இருக்கும், இறால் இருக்கும், நீந்தும் பிள்ளைகள் இருப்பார்கள்.

நண்பர்களே, உங்கள் ஊர் ஏரியையோ ஆற்றையோ கால்வாயையோ இந்த வாரம் பெரியவர்களுடன் போய்ப் பாருங்கள். அதில் ஒரு படகை இறக்க முடியுமா? முடியாது என்றால், எந்த ஆண்டிலிருந்து, எதனால் என்று ஊர் மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். வறண்ட சிகாரில் பிறந்தவருக்கு நாடு தண்ணீரைத் தேடிக் கொடுத்தது. தண்ணீரில் பிறந்த எர்ணாவூர்ப் பிள்ளைக்கு அவனுடைய தண்ணீரையே திருப்பிக் கொடுக்க முடியாதா?